திராட்சைத் தோட்டத்துக் கூலியும் சிலுவையும்

பெரிய வெள்ளிக்கிழமையன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை, ஏசுநாதர் சிலுவையில் தொங்கியபோது மொழிந்த ஏழு திருவாக்குகளைப் பற்றிக் கிறிஸ்தவ ஆலயங்களில் உபந்நியாசம் நடைபெறுவது வழக்கம். ஆணியும் முள்முடியும் ஈட்டியும் உருக்கமாக வர்ணிக்கப்படும். கேட்போர் கண் கலங்குவர். அதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் முடிவில் பெரும்பாலும் ஒரு போதனை வரும். நம் ஆண்டவரே இவ்வளவு பாடுபட்டார். ஆகையால் நீங்களும் உங்களுக்கு நேரும் துன்பத்தை முறுமுறுக்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே அது. கேட்பவர் யார் யார் என்று சற்றே திரும்பிப் பார்த்தால் விஷயம் விளங்கும். அங்கே மிராசுதாரும் அமர்ந்திருக்கிறார். அவர் தோட்டத்துக் கூலிக்காரியும் அமர்ந்திருக்கிறாள். மிராசுதார் பொறுத்துக்கொள்ள வேண்டிய துன்பம் அதிகமில்லை. ஆகவே போதனை முழுவதும் கூலிக்காரியின் தலைமேலேயே இறங்குகிறது.

ஏசுவின் உபதேசம் இதுதானா? தேசத்தொண்டில் ஈடுபட்டோர், எம்மதத்தினராயினும், இக்கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். நமது சத்தியாக்கிரகப் போரின் வேர்களில் ஒன்று கலிலேயா நாட்டு மலைப்பிரசங்கத்தில் ஓடியிருக்கிறது என்பதை மகாத்மா காந்தியே ஒளிக்காமல் கூறியிருக்கிறார். ஏழைக்குப் பொறுமையை உபதேசிக்கும் மதத்திலிருந்து அப்படியொரு போர் எவ்வாறு பிறந்தது?

இதற்கு விடை தேட எருசலேம் வரை போக வேண்டியதில்லை. தேனி ஜில்லாவில், சின்னமனூருக்கு அருகே, மலைத்தொடரின் அடிவாரத்தில் ஓடைப்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு என்றாலே திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கொடியை 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. ஓடைப்பட்டியோ விதையில்லாத் திராட்சைக்குப் பேர் போன ஊர். கல் தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, அதன்மேல் கொடியை ஏற்றுகிறார்கள். கவாத்து வெட்டவும், குலையில் நெருங்கிய பிஞ்சுகளைக் கழிக்கவும், பழம் அறுக்கவும், பெட்டியில் அடுக்கவும் ஓயாமல் ஆள் வேண்டிய வெள்ளாமை அது. ஆள் என்றால் பெரும்பகுதி பெண் ஆள். பொழுது புலருமுன் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஊர் முகப்பில் வந்து நிற்கிறார்கள். வண்டி ஏறியவளுக்கு அன்று கூலி உண்டு. இடமில்லை என்று விடப்பட்டவள் வந்த வழியே வீடு திரும்ப வேண்டியதுதான். அப்படித் திரும்புகிறவள் யார் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். வயது சென்றவள், இடுப்பில் பிள்ளை உள்ளவள், முந்திய வாரம் காய்ச்சலில் கிடந்தவள் என்றுதான் விடை வரும்.

ஏசுநாதர் சொன்ன ஒரு கதை இந்தப் பெண்களுக்குப் பண்டிதர்களைவிட நன்றாக விளங்கும். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைவீதிக்குப் போய், நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக் காசு என்று பேசி ஆட்களை அழைத்து வருகிறார். மறுபடியும் காலையில் போகிறார், நண்பகலில் போகிறார், பிற்பகலிலும் போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் கடைசி முறையாகப் போனால் அப்பொழுதும் அங்கே சிலர் நிற்கிறார்கள். நாளெல்லாம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அழைத்துக்கொள்கிறார். பொழுது அடைந்ததும் கூலி கொடுக்கையில், கடைசியில் வந்தவர்களை முதலில் அழைத்து முழு வெள்ளிக் காசைக் கையில் வைக்கிறார். விடியலில் வந்தவர்களுக்கும் அதே காசுதான். அவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

இக்கதைக்குப் பிரசங்கிகள் சொல்லும் வியாக்கியானங்கள் பல. காசு என்பது மோட்சம், கடைசி மணி என்பது மரணப்படுக்கை, தோட்டம் என்பது திருச்சபை என்றெல்லாம் சொல்லிக் கதையிலிருந்த கூலியைக் கழற்றிவிடுவார்கள். இதில் ஏதோ ஓர் உண்மை இருக்கலாம். நாம் வேதாந்த விசாரத்தில் இறங்கவில்லை. ஆனால் கடைவீதியில் மாலை வரை நின்றவர்கள் யார்? ஓடைப்பட்டி ஊர் முகப்பில் விடப்படுகிறவர்களேதான். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆள் பிடிப்பவனின் கண்ணுக்கு உதவாதவர்கள். வெள்ளிக் காசு என்பது ஒரு குடும்பம் ஒரு நாள் உயிர் வாழ்வதற்கான தொகை. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும், அடுப்பு எரியாது. ஏசுநாதர் கணக்கைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார்.

முறுமுறுத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொழிற்சங்கம் நடத்தியவர்கள் அவர்கள் பக்கமே சாய்வார்கள். நாள் முழுவதும் வெயிலில் வெந்தவனுக்கும் ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் ஒரே கூலி என்றால் கோபம் வராதா? வரும். வருவது இயற்கை. ஆயினும் அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு செப்புக்காசும் குறையவில்லை. அடுத்தவன் பட்டினியாய்ப் போனால்தான் தன் கூலிக்கு மதிப்பு உண்டு என்று நினைத்ததே அவர்கள் பிழை. இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். கூலி உயர்வு தோட்டக்காரரின் தயவில் நிற்பது நமக்குச் சம்மதமான ஏற்பாடு அன்று. தர்மவான் ஒருவன் இருந்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் என்ன கதி?

நிற்க. இக்கதையில் தோட்டக்காரர் பேசும் சொற்களிலிருந்து தலைப்பை எடுத்து, 1860-இல் ஜான் ரஸ்கின் என்னும் ஆங்கில ஆசிரியர் அக்காலத்துப் பொருளாதார சாஸ்திரத்தைக் கண்டித்து ஒரு மாதப் பத்திரிகையில் கட்டுரை எழுதத் தொடங்கினார். வாசகர்களின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பத்திரிகை நான்கோடு நிறுத்திவிட்டது. அந்நான்கும் சேர்ந்த சிறு நூலை 1904-இல் ஜோஹானஸ்பர்க் ரெயில் நிலையத்தில் போலக் என்னும் நண்பர் காந்தியின் கையில் கொடுத்தார். டர்பன் போய்ச் சேருவதற்குள் அவர் அதைப் படித்து முடித்தார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. அவ்வருஷமே பீனிக்ஸ் பண்ணை பிறந்தது. 1908-இல் அந்நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி ‘சர்வோதயம்’ என்று பெயரிட்டார். ஆக, நம் தேசத்தொண்டர் நாவில் பழகிய அச்சொல்லின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அது ஒரு திராட்சைத் தோட்டத்துக் கடைசிக் கூலியாளிடம் போய் முடிகிறது.

இனி, துன்பத்தைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். சிலுவை ஏசுநாதர்மேல் தற்செயலாக வந்து விழுந்த வியாதி அன்று. அவர் எருசலேமுக்குப் போகாமல் ஏரிக்கரையிலேயே தங்கியிருந்தால் சிலுவை இல்லை. ஆலயத்துக்குள் காசு மாற்றுவோரின் பலகைகளைக் கவிழ்க்காமல் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தாலும் அநேகமாகச் சிலுவை இல்லை. தாமே அறிந்து, தாமே நடந்து, தம் தோளில் ஏற்றுக்கொண்ட பாரம் அது. ஆனால் பிறருடைய துன்பத்தைக் கண்ட இடத்தில் அவர் என்ன செய்தார்? குருடனைப் பார்த்து இருளைப் பொறுத்துக்கொள் என்றாரா? பசித்த கூட்டத்தை உபவாசம் நல்லது என்று சொல்லி அனுப்பினாரா? குஷ்டரோகியை எட்ட நின்று ஆசீர்வதித்தாரா? கை நீட்டித் தொட்டார், அப்பம் கொடுத்தார், கண்ணைத் திறந்தார். பொறுமை என்பதைத் தமக்கு மட்டுமே வைத்துக்கொண்டார். நம் பிரசங்கிகளில் பலர் இதைத் தலைகீழாக்கி, பொறுமையை ஏழைக்குக் கொடுத்துவிட்டு அப்பத்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டனர்.

இதைச் சரியாக வாசித்தவர்கள் இல்லாமற்போகவில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலும் உசிலம்பட்டிச் சீமையிலும் ‘ரோசாப்பூ துரை’ என்று பெயர் பெற்றவர் ஜார்ஜ் ஜோஸப். 1887-இல் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸ்டராகி, மதுரையில் வக்கீல் தொழில் நடத்தியவர். அக்காலத்தில் பிறமலைக் கள்ளர்மீது குற்றப்பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டிருந்தது. குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமின்றி ரேகை பதிய வேண்டும். இரவில் போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த ஜனங்கள்மீது போலீஸார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பலர் மாண்டனர். அம்மக்களுக்காக நீதி ஸ்தலங்களில் வாதாடியவர், பத்திரிகைகளில் எழுதியவர் ஜோஸப். பிள்ளைகளுக்கு ‘ரோசாப்பூ’ என்று பெயரிட்டு அந்த ஜனங்கள் நன்றி செலுத்தினர். 1921 டிசம்பரில் அலகாபாத்தில் பத்திரிகாசிரியராக இருந்தபோது கைதாகிச் சிறையும் கண்டார். 1938 மார்ச் 5-ஆம் தேதி காலமானார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ரத்தானதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் வாழ்க்கையில் ஒரு கசப்பும் உண்டு. 1924 மார்ச் 30-ஆம் தேதி வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் துவங்கிற்று. முன்னின்று நடத்தியவர்களில் ஜோஸப்பும் ஒருவர். தீண்டாமை ஹிந்துக்களின் பாபம், பிராயச்சித்தத்தை ஹிந்துக்களே செய்யட்டும், கிறிஸ்தவராகிய தாங்கள் விலகியிருங்கள் என்ற கருத்துப்பட மகாத்மா அவருக்கு எழுதினார். சிறிது நாளில் ஜோஸப் கைதானார். இந்த விலக்கல் அவர் மனத்தில் தைத்தது என்பது பின்னர் அவர் எடுத்த நிலைகளிலிருந்து தெரிகிறது. மகாத்மாவின் வாதத்தில் நியாயம் இருந்தது. பாபம் செய்தவனே தவம் செய்ய வேண்டும். ஆயினும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய அந்நிய ஜாதிச் சமாரியனைப் பற்றிப் பாலியத்திலேயே கேட்டு வளர்ந்த ஒருவனிடம், இது உன் தெரு அன்று என்று சொன்னால் அவன் மனம் எப்படி ஒப்பும்? இந்த ஒரு விஷயத்தில் நமது அனுதாபம் ஜோஸப்பின் பக்கமே.

வெள்ளைக்காரப் பாதிரிமாரிலும் விதிவிலக்கு உண்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ரால்ப் ரிச்சர்டு கெய்த்தான், மகாத்மாவின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டு சேர்த்த ரெஜினால்டு ரெய்னால்ட்ஸுக்குத் தம் இல்லத்தில் இடம் கொடுத்தார். அது போதாதா? 1930-இல் அவர் தேசத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தார், 1944-இல் மறுபடியும் அனுப்பப்பட்டார், பின்னும் வந்து, சௌந்தரம் அம்மையாருடன் காந்திகிராமப் பணியில் சேர்ந்தார்.

இவர்களிலெல்லாம் ஏசுவின் வாழ்வையும் கூலிக்காரனின் அடுப்பையும் ஒரே நூலில் கோத்தவர் ஜே.ஸி. குமரப்பா. 1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் ஜோஸப் செல்லத்துரை கார்னீலியஸ். லண்டனில் கணக்குப் பரிசோதனை பயின்றார். பம்பாயில் ஆடிட்டராக நன்றாகச் சம்பாதித்தார். அமெரிக்காவுக்குப் போய்க் கொலம்பியா சர்வகலாசாலையில் இந்தியாவின் வறுமைக்கும் சர்க்கார் நிதி நிர்வாகத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்தார். 1929 மே 9-ஆம் தேதி சபர்மதியில் மகாத்மாவைச் சந்தித்தார். மேல்நாட்டு உடுப்போடு போனவர், மரத்தடியில் மெழுகிய தரையில் நூற்றுக்கொண்டிருந்த கிழவரைக் கண்டு, சிறிது தயங்கி, கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்தார் என்பது அவரே சொன்ன கதை. பிறகு எழுந்து பழைய வாழ்க்கைக்குப் போகவில்லை. குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதையே தரித்துக்கொண்டார். மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்களின் வரவு செலவைக் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தார். பெரிய புத்தகங்களில் இல்லாத தேசம் அங்கே அவருக்குத் தெரிந்தது.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டபோது, அஹிம்ஸை ஏசுநாதரின் வழியாயிற்றே, திருச்சபை யார் பக்கம் நிற்கிறது என்று கிறிஸ்தவ ஊழியர்களையும் பாதிரிமாரையும் பகிரங்கமாகக் கேட்டார். கல்கத்தாவின் தலைமை அத்தியட்சராக இருந்த பாஸ் வெஸ்ட்காட் சட்ட மறுப்பு கிறிஸ்துவின் முறைக்கு ஒவ்வாது என்ற பொருள்படப் பதில் எழுதினார். தடியடிபட்டும் கை ஓங்காத தொண்டன் கிறிஸ்துவின் முறையில் இல்லையாம். தடி எடுத்தவனைப் பற்றி அத்தியட்சருக்கு அவ்வளவு கவலையில்லை. குமரப்பா விடவில்லை, மறுப்பும் எழுதினார். கோயிலில் முழந்தாளிடுகிற பலர் ஏசுவைவிட ராஜாங்கத்துக்கே அதிகம் பயப்படுகிறார்கள் என்பது அக்கடிதப் போக்குவரத்தில் வெட்டவெளிச்சமாயிற்று.

பணத்தில் அவருக்கிருந்த கண்டிப்பை ஒரு சம்பவம் காட்டும். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் பாழாக்கிற்று. நிவாரண நிதியின் கணக்குகளைக் குமரப்பாவிடம் ஒப்புவித்தார்கள். தொண்டனுக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டுச் செலவு மூன்றணா என்று விதித்தார். மகாத்மா பரிவாரத்துடன் வந்தபோது, அவர்களுக்காகும் விசேஷச் செலவை நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். வீடிழந்தவனுக்கென்று வந்த பணம் மகாத்மாவுக்கும் உரியதன்று என்பது அவர் தீர்ப்பு. மகாத்மா இதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. அவ்வருஷம் டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஆரம்பித்தபோது அதை நடத்தும் பொறுப்பை இவரிடமே கொடுத்தார். இன்று கணக்குக் காட்டாத டிரஸ்டுகளையும் சபை நிலங்களை விற்றுத் தின்னும் கமிட்டிகளையும் பார்க்கும்போது, அந்த மூன்றணா நினைவுக்கு வருகிறது.

யுத்தகாலத்தில் சர்க்கார் காகித நோட்டை அச்சடித்துக் கொடுத்து விவசாயியின் தானியத்தை வாரிக்கொண்டு போனதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு, அப்பத்துக்குப் பதில் கல் என்னும் பொருள்பட, மலைப்பிரசங்கத்தை நினைவூட்டும் தலைப்பையே வைத்தார். பிள்ளை அப்பம் கேட்டால் எந்தத் தகப்பன் கல்லைக் கொடுப்பான் என்று ஏசுநாதர் கேட்டதை விலைவாசிக் கட்டுரைக்குப் பொருத்திய கிறிஸ்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அக்காலத்தில் மீண்டும் சிறைவாசம் வந்தது; ஜபல்பூர்ச் சிறையில் உடல் நலிந்தது. அங்கே அவர் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று நிலையான பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றது ஏசுநாதரின் நடையையும் போதனையையும் பற்றியது. இரண்டும் 1945-இல் வெளிவந்தன. இரண்டுக்கும் மகாத்மா முன்னுரை தந்தார். ஒரே சிறையில், ஒரே கையால், ஒன்றன்பின் ஒன்றாக இவை பிறந்தது தற்செயல் என்று நாம் எண்ணவில்லை. தினசரி அப்பத்துக்காக ஜெபிப்பவன் அந்த அப்பம் எந்த வயலில், யார் வியர்வையில், என்ன கூலிக்கு விளைந்தது என்று விசாரிக்காமல் இருந்தால் அந்த ஜெபம் பாதி ஜெபமே. ‘எனக்கு’ என்றல்ல, ‘எங்களுக்கு’ என்றல்லவா அந்த ஜெபம் கேட்கிறது?

திருச்சபைக்குள்ளேயே கடைசி ஆள் ஒருவன் நிற்கிறான் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆதிதிராவிடக் கிறிஸ்தவனுக்குத் தனி வரிசை, தனித் தெரு, செத்த பின்னும் சுவருக்கு அப்பால் தனிக் கல்லறை என்ற அவமானம் தமிழ்நாட்டில் இருந்ததை யாரும் மறுக்க முடியாது; முற்றும் ஒழிந்ததென்று சொல்லவும் முடியாது. சர்க்காரோ 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி அவனைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்ப்பதில்லை. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். ஆலயத்தில் அவன் பழைய ஜாதிக்காரன். கச்சேரியில் அவனுக்கு ஜாதியே இல்லை. இரண்டு இடத்திலும் அவனுக்குக் கிடைக்கும் உபதேசம் மட்டும் ஒன்றே: பொறுத்துக்கொள்.

குமரப்பா தம் கடைசிக் காலத்தில் மதுரைக்குத் தெற்கே தே. கல்லுப்பட்டியில், 1940-இல் துவங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். சுதந்திர சர்க்காரோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. பெரிய திட்டங்களில் கிராமத்தான் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, மகாத்மா மறைந்த அதே நாளில், உயிர் நீத்தார். அவர் குடிசையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று மகாத்மாவுடையது, மற்றது பேர் தெரியாத ஓர் ஏழைக் கிராமவாசியுடையது. காந்தியைத் தம் எஜமானர் என்று வந்தவர்களுக்குக் காட்டுவார். அப்படியானால் இவர் யார் என்று மற்றப் படத்தைக் கேட்டால், என் எஜமானருக்கு எஜமானர் என்பாராம்.